வாசல் தாண்டாத குறட்டை

அத்தியாயம் 4

அண்டர் செகரட்டரி வெங்கட்ராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரிச்சதில்லை மேடம்," என்று சொல்லி முடிக்கவும், தர்மனின் சட்டைப் பை குறட்டை விடவும் சரியாக இருந்தது.

சாதாரணக் குறட்டை இல்லை அது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் லாரி கியர் மாற்றுவதுபோல் உருண்டு, கடைசியில் மூக்கு வழியாக நீளமாக விசிலடித்து முடிந்தது. ஒரு கணம் அமைதி. பிறகு மறுபடியும் லாரி, மறுபடியும் விசில்.

தர்மன் இரண்டு கைகளாலும் பையைப் பொத்தினான். பிரயோஜனமில்லை. கரோல்பாகில் வாங்கிய சைனா போன். அதன் ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கருக்குத் தம்பி முறை. ஒருவழியாக அதைத் தேடி எடுத்து அமுக்கி நிறுத்துவதற்குள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன ஹால் முழுவதும் ஒரு கனமான ஆள் தூங்கி எழுந்து போனதுபோல் இருந்தது.

"அதுதான் மேடம்," என்றார் வெங்கட்ராமன் தீனமாக. "அதுதான் என் குறட்டை."

வத்சலா தன் உதவியாளனைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷமாக அந்தப் பார்வையை வாங்கிப் பழகியவன் தர்மன்.

"சத்தியமா தெரியாதுக்கா," என்றான். "நேத்து ஜங்புரால ஷேர் ஆட்டோல பக்கத்து சீட்டு பையா ப்ளூடூத்ல குடுத்தான். ஊரு பூரா இதான் ஓடுது. கேக்க நல்லா கணீர்னு இருந்துச்சு, ரிங்டோனா வச்சிட்டேன். சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நல்ல குறட்டை."

"தர்மா, வாயை மூடு."

"அச்சாக்கா."

வத்சலாவுக்கு ஐம்பது வயது. புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் கூட்டிக் கழித்துக் கொண்டிருந்தவள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முனிர்காவில் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள். முக்கால்வாசி வேலை மாப்பிள்ளைகளை விசாரிப்பது. அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்ன பையன் அசோக் விஹாரில் இருப்பதைக் கண்டுபிடிப்பாள். மதராசி கேம்ப்பில் வளர்ந்து, கூரியர் கம்பெனியில் ஓடிக் கொண்டிருந்த தர்மனை அவள் வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், டெல்லியில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது என்பது. அவன் வாய்க்கும் ஓய்வு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வெங்கட்ராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். திங்கட்கிழமை அமைச்சகத்தில் ரெவ்யூ மீட்டிங். நடுவில் ஒரு போன் குறட்டை விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து இன்னொரு போன். பிறகு மூன்றாவது. சாயங்காலத்துக்குள் பியூன்கள் அவருக்கு 'கர்ராட்டா சாப்', அதாவது குறட்டை சார், என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜனவரியில் ஜெனீவாவுக்கு ஒரு குழு போகிறது. அதில் அவர் பெயர் இருந்தது. ஜாயிண்ட் செகரட்டரி நாளைக்கு லிஸ்டில் கையெழுத்துப் போடுகிறார்.

"தூங்குமூஞ்சின்னு பேர் வந்தப்புறம் என்னை ஜெனீவாவுக்கு அனுப்புவாளா மேடம்? ஆபீஸுக்குப் போக வெட்கப்பட்டு லீவ் போட்டுட்டேன். ஆனா விடப்போறதில்லை. அந்த நித்ரா கிளினிக்கைக் கோர்ட்டுக்கு இழுக்கறேன். வக்கீல் நோட்டீஸ் ரெடி. இன்னிக்கே தபால்ல போறது. நீங்க சாட்சியம் மட்டும் சேகரிச்சுக் குடுத்தாப் போறும்."

"கிளினிக் எங்கே வந்தது இதுல?"

"என் குறட்டை அங்கேதான் போச்சு. என் ஆத்துக்காரிதான் இன்டர்நெட்ல அனுப்பி வச்சா."

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அனுப்பலைன்னு அவர்கிட்டச் சொல்லுங்கோ. அனுப்பப் பார்த்தேன். போகலை."

"போகலைன்னா ஊர் பூரா எப்படிக் கேக்கறதுன்னு அவகிட்டக் கேளுங்கோ," என்றார் வெங்கட்ராமன் சுவரைப் பார்த்து.

"அக்கா," என்றான் தர்மன் மெதுவாக, "நம்மள டிடெக்டிவா கூப்டாங்களா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா கூப்டாங்களா?"

விஜயலக்ஷ்மி மாமி காபியோடு வெளியே வந்தாள். வாசல் கதவை ஒட்டி ஒரு சூட்கேஸ் நின்றுகொண்டிருந்ததைத் தர்மன் அப்போதுதான் கவனித்தான். ராத்திரி வண்டியில் சென்னை, அங்கிருந்து கும்பகோணம், அண்ணா வீடு என்று மாமி காபி டம்ளர்களை வைத்துக்கொண்டே வத்சலாவிடம் தெரிவித்தாள். இத்தனை வருஷம் இந்த மனுஷனின் சத்தத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. வைத்தியம் பார்க்கலாம் என்று நல்லது நினைத்ததற்கு, திருடி என்று பட்டம்.

"நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க மாமி," என்றாள் வத்சலா.

"எங்க பையன் குர்காவ்ல ஐ.டி. கம்பெனில இருக்கான். பாட்டு கேக்க ஒரு டப்பி குடுத்திருந்தான். அதுலயே ரெகார்டும் பண்ணலாம். போன வாரம் அதைத் தலகாணி பக்கத்துல வச்சுட்டுப் படுத்துண்டேன். மறுநாள் கார்த்தால கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அந்த கிளினிக் வெப்சைட்ல, உங்கள் குறட்டையை அனுப்புங்கள், டாக்டர் கேட்டுவிட்டுச் சொல்வார்னு போட்டிருக்கா. ஃபைலைக் காட்டினேன். பட்டனை அமுக்கினேன். ஃபைல் பெரிசு, ரெண்டு எம்.பி.க்கு மேல அனுப்ப முடியாதுன்னு ஒரு சின்னப் பொட்டி வந்து நின்னுது. பையன் வந்து சின்னதாக்கித் தரேன்னான். இன்னும் வரலை. அவ்வளவுதான் நடந்தது."

வெங்கட்ராமன் உதட்டைப் பிதுக்கினார். "மேடம், நீங்களும் கவர்மென்ட்ல இருந்தவா. என் டேபிளுக்கு வராத ஃபைலை நான் ரிஜெக்ட் பண்ண முடியுமா? பெரிசு வேண்டாம்னு கிளினிக் சொன்னா, அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கணுமோ இல்லையோ? பார்த்திருக்கான், கேட்டிருக்கான், ரசிச்சிருக்கான், அப்புறம் வேண்டாம்னு சொல்லியிருக்கான்."

தர்மனுக்கு இது நியாயமாகவே பட்டது. டெல்லியில் எந்த ஆபீசிலும் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூன்று பேர் பார்த்துவிடுவார்கள்.

வத்சலா காபியை உறிஞ்சினாள். "மாமி, நீங்க பட்டனை அமுக்கினப்போ அடுப்புல ஏதாவது இருந்ததா?"

"பால் இருந்தது."

"பொங்கிடுச்சா?"

வெங்கட்ராமன் தர்மனைப் பார்த்தார். தர்மன், எனக்கும் தெரியாது என்பதுபோல் தோளைக் குலுக்கினான்.

"இல்லையே," என்றாள் மாமி. "மயிலாப்பூர்ல இருக்கற எங்க அக்காவுக்கு நாலு போட்டோ அனுப்பினாலே, அது பாட்டுக்கு அரை மணி சுத்திண்டே இருக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கும், அமுக்கிட்டுப் போய் பாலை இறக்கிடலாம்னு நாற்காலியைத் தள்ளறேன். தள்ளி முடிக்கல, பொட்டி வந்துடுத்து. உட்கார்ந்த இடத்துலயே படிச்சேன். அப்புறமா சாவகாசமாப் போய்த்தான் பாலை இறக்கினேன்."

வத்சலா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "கம்ப்யூட்டரைக் காட்டுங்க."

அது படுக்கையறை மூலையில், பூ வேலை செய்த துணி போர்த்திக்கொண்டு இருந்தது. மாமி துணியை எடுத்து மடித்து வைத்து, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, நரிப் படம் போட்ட ப்ரௌசரைத் திறந்து, கிளினிக்கின் பக்கத்தை வரவழைத்தாள். தலையணையில் சாய்ந்து ஒரு தம்பதி சிரித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு பட்டன்.

"ஃபைல் எவ்வளவு பெரிசு?" வத்சலா எட்டிப் பார்த்தாள். "முப்பது எம்.பி. மாமியோட அக்காவுக்குப் போற நாலு போட்டோவை விட எத்தனையோ மடங்கு. தர்மா, பின்னாடி சுவத்துலேருந்து வர்ற இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கு."

"எதுக்குக்கா?"

"பிடுங்கு."

தர்மன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பிடுங்கினான். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் ஒயரின் நுனியைத் தூக்கிக் காட்டினான்.

"சார், நல்லாப் பாருங்க. இப்போ இந்தக் கம்ப்யூட்டருக்கும் கிளினிக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"மாமி, அன்னிக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க."

மாமி ஃபைலைக் காட்டினாள். பட்டனை அமுக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் சின்னப் பெட்டி வந்து நின்றது. ஃபைல் பெரியது, இரண்டு எம்.பி.க்கு மேல் அனுப்ப இயலாது.

வெங்கட்ராமன் திரையைப் பார்த்தார். தர்மனின் கையில் ஆடிக் கொண்டிருந்த ஒயரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அப்போ வேண்டாம்னு சொல்றது யாரு?"

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்தான். இப்போ ஏதாவது சின்ன ஃபைலைக் காட்டுங்க மாமி."

மாமி ஒரு கோலத்தின் படத்தைக் காட்டி அமுக்கினாள். இந்தத் தடவை பெட்டி வரவில்லை. ப்ரௌசர் கொஞ்சம் தேடிவிட்டு, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கைவிரித்தது.

"சின்ன ஃபைலைத் தடுக்கலை, கிளம்ப விட்டுது. வாசல்ல போய்ப் பார்த்தா ரோடே இல்லை, திரும்பி வந்துடுச்சு," என்றாள் வத்சலா. "பெரிய ஃபைலைக் கிளம்பவே விடலை. ஏர்போர்ட்ல அவமானப்பட வேண்டாம்னு வீட்டுலயே சூட்கேஸை எடை போட்டுப் பார்க்கறோம் இல்லையா, அது மாதிரி. முதல்ல சைஸைப் பாரு, கூடுதலா இருந்தா அனுப்பாதேன்னு கிளினிக்காரங்க அந்தப் பக்கத்துக்குள்ளயே ரெண்டு வரி எழுதி வச்சிருக்காங்க. இந்த ப்ரௌசர் அதைப் படிச்சு, இங்கேயே எடை போட்டு, இங்கேயே நிறுத்திடுது. மாப்பிள்ளை போட்டோ ஏத்தற வெப்சைட்ல தினமும் இதைப் பார்க்கறேன்."

"நான் அந்த நீல எழுத்துப் போட்ட பழைய ப்ரௌசரைத்தான் உபயோகிப்பேன்," என்றார் வெங்கட்ராமன், விட்டுக்கொடுக்காமல்.

"மாமி அதுல போயிருந்தா உங்க நோட்டீஸுக்கு அர்த்தம் இருந்திருக்கும் சார். அதுக்குத் தானா சைஸ் பார்க்கத் தெரியாது. முப்பது எம்.பி.யையும் மெனக்கெட்டு கிளினிக் வரைக்கும் தூக்கிட்டுப் போய், அங்கே திட்டு வாங்கிட்டு வரும். அதுக்குள்ள பால் பொங்கி, பாத்திரமும் கரிஞ்சிருக்கும். பால் பொங்கலை. அதனால ஃபைல் வாசலைத் தாண்டலை. அந்த டாக்டருக்கு உலகத்துல உங்களை மாதிரி ஒருத்தர் குறட்டை விடறாருங்கறதே தெரியாது."

பால் பொங்காததை வைத்து ஒரு டாக்டரைக் காப்பாற்றுவதைத் தர்மன் இப்போதுதான் பார்க்கிறான்.

வெங்கட்ராமன் வக்கீல் நோட்டீஸை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழித்த கையோடு மனைவி பக்கம் திரும்பினார். "அப்படின்னா வீட்டுக்குள்ளேருந்துதான் வெளியே போயிருக்கு."

"தர்மன்," என்றாள் மாமி, "எனக்கு ஒரு டாக்ஸி கூப்பிடறயாப்பா?"

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்," என்றாள் வத்சலா. "இத்தனை பேர் இத்தனை நாள் இதைப் பத்திப் பேசியிருக்கீங்க. இந்த ஃபைலை யாராவது கேட்டீங்களா?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. மாமி ஃபைலைத் தட்டினாள்.

முதலில் மின்விசிறி இல்லாத அறையின் நிசப்தம். பிறகு குறட்டை. டிசம்பர் மாதக் காலையில் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை யாரோ உதைத்தார்கள். க்ர்ர்ர். பிடிக்கவில்லை. க்ர்ர்ர். பிடிப்பதுபோல் வந்து மறுபடியும் அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது. இறங்கிப் போய்த் தள்ளிவிடலாமா என்று தர்மனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் இரண்டாவது சத்தம் ஆரம்பித்தது. மெல்லியது, உறுதியானது. விசில் வருவதற்கு முன்னால் குக்கர் விடும் மூச்சுப்போல, புஸ், புஸ், புஸ் என்று தாளம் தப்பாமல் வந்தது. ஸ்கூட்டர் நிறுத்திய இடத்தில் குக்கர் எடுத்தது. குக்கர் விட்ட இடத்தில் ஸ்கூட்டர்.

"அது யாரு?" என்றார் வெங்கட்ராமன்.

மாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹீட்டரா இருக்கும்."

"நாம ஹீட்டர் வாங்கவே இல்லையே விஜயா."

"பக்கத்தாத்து ஹீட்டர்."

"என் தலகாணிக்குப் பக்கத்துலயா? ஒரு பொட்டுத் தூக்கம் இல்லைன்னு கும்பகோணம் வரைக்கும் சொல்லி வச்சிருக்கியே. இதோ கேக்கறதே, பொட்டு பொட்டாத் தூக்கம்."

"நீங்க மட்டும் யோக்கியமா? என்னமோ உதைச்சுண்டே இருக்கேளே, ஒரு தடவையாவது கிளம்பித்தா?"

"அக்கா," என்று தர்மன் வத்சலாவின் காதில் சொன்னான், "எக்ஸ்சேஞ்சை மூடிட்டாங்க. நேரா பேசிக்கிறாங்க."

வத்சலா காதில் வாங்கவில்லை. "உன் போனை எடு. அந்த ரிங்டோனை வை."

லாரி உருண்டது. விசில் நீளமாகக் கிளம்பி முடிந்தது. சண்டை பாதியில் நின்றது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். ஸ்கூட்டரும் இல்லை, குக்கரும் இல்லை. இது வேறு வண்டி.

"சார், உங்க குறட்டையை நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

"நான் அந்த நேரத்துல தூங்கிண்டிருப்பேனே மேடம்."

"அப்போ இது உங்களுதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

வெங்கட்ராமன் யோசித்தார். "எல்லாரும் சொன்னா. வெள்ளிக்கிழமை லஞ்சுல நான்தான் சொன்னேன், என் ஆத்துக்காரி என் குறட்டையை ரெகார்ட் பண்ணியிருக்கான்னு. திங்கக்கிழமை இது வந்துது. வேற யாருதா இருக்கும்?" அவர் குரலில் நிம்மதியோடு லேசான ஏமாற்றமும் கலந்திருந்தது. நாலு நாள் தன்னுடையது என்று சுமந்தது இல்லையா.

வத்சலா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். மூன்று தடவை கேட்டாள். "விசிலுக்கு அடியில ஒரு ஆள் பேசற சத்தம் கேக்குது."

"ஆமாக்கா. பைட் ஜாயியே, பைட் ஜாயியேன்னு. பஸ் கண்டக்டர்னு நெனச்சேன். ஆனா டெல்லியில எந்த கண்டக்டர் இவ்ளோ மரியாதையா உக்காரச் சொல்றான்?"

மாமி போனைப் பிடுங்கிக் கேட்டாள். "அது லோக்சபான்னா. மத்தியானம் சீரியலுக்கு சேனல் மாத்தறச்சே தெனமும் கேக்கறேனே. கூச்சல் போடறவாளை உட்காருங்கோ உட்காருங்கோன்னு கெஞ்சிண்டே இருப்பா."

"பட்டப்பகல்ல, பார்லிமென்ட் டி.வி. ஓடற ரூம்ல ஒருத்தர் தூங்கறார்," என்றாள் வத்சலா. "முதல்ல கேட்டவங்க உங்க ஆபீஸ்காரங்க. சார், உங்க மாடியில யாரோட ரூம்ல டி.வி. இருக்கு?"

வெங்கட்ராமன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கெல்லாம் கிடையாது. ஜாயிண்ட் செகரட்டரிக்குத்தான் குடுத்திருக்கா. கிருஷ்ணபிரசாத் சார். லஞ்சுக்கப்புறம் தெனமும் அவர் ரூம் வாசல்ல சிவப்பு விளக்கு எரியும். முக்கியமான மீட்டிங்னு யாரையும் விடமாட்டா. ஆனா உள்ள யாரும் போய் நான் பார்த்ததில்லை. வெளியே வந்தும் பார்த்ததில்லை."

"இப்போ லஞ்ச் முடிஞ்சிருக்கும்," என்றாள் வத்சலா. "கிளம்புங்க."

"நானும் வரேன்," என்றாள் மாமி. "என் பேரும் கெட்டிருக்கு." சூட்கேஸைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தர்மனின் ஸ்கூட்டர் மூடுபனியில் இருமிக்கொண்டே முன்னால் போக, வெங்கட்ராமனின் பழைய மாருதி பின்னால் வந்தது. அமைச்சகத்தின் வாசலில் அவரே கையெழுத்துப் போட்டு மூன்று பேரையும் உள்ளே அழைத்துப் போனார். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் இரண்டு பியூன்கள் எழுந்து நின்று, கர்ராட்டா சாப் வந்துவிட்டார் என்று ஒருவருக்கொருவர் ஜாடை காட்டிக் கொண்டார்கள். கோடியில் சிவப்பு விளக்கு எரிந்து கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே, கழுத்தில் மஃப்ளரோடு ஜாயிண்ட் செகரட்டரியின் பி.ஏ. சேஷன் உட்கார்ந்திருந்தார்.

"சார் மீட்டிங்ல இருக்கார்," என்றார் சேஷன்.

"யாரோட?" என்றாள் வத்சலா.

"ஹை லெவல்."

கதவுக்கு உள்ளே யாரோ யாரையோ உட்காரச் சொல்லிக் கெஞ்சிக் கொண்டிருந்தார்கள். அதற்கு மேல், ஒரு லாரி கியர் மாற்றியது.

"லெவல் ஹையாத்தான் போவுது," என்றான் தர்மன். போனை எடுத்து ரிங்டோனைத் தட்டினான். உள்ளே விசில் கிளம்பியது, வெளியே போனிலும் விசில் கிளம்பியது. இரண்டும் ஒரே சுருதியில் இழைந்து, ஒரே இடத்தில் போய் நின்றன. இரட்டைப் பிள்ளைகள் கைகோர்த்துக்கொண்டு நடந்ததுபோல் இருந்தது.

சேஷன் மஃப்ளரை அவிழ்த்தார். வியர்த்திருந்தது.

"நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்கோ," என்றார். "சார் ஆத்து மாமி அவர் குறட்டை விடறார்னு சொல்லியிருக்கா. இவர் ஒத்துக்கலை. சேஷன், நான் கண்ணயர்ந்தா உன் போன்ல ரெகார்ட் பண்ணு, நான் குறட்டை விடலைன்னு நிரூபிக்கணும்னார். பண்ணினேன். நிரூபணம் இப்படி வந்துடுத்து. ஒண்ணுமே கேக்கலை சார், குழந்தை மாதிரி தூங்கறேள்னு சொல்லிட்டேன். ஆனா மனசுல அடக்க முடியலை. கேன்டீன்ல ஒருத்தனுக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். அவன் அங்கேயே ப்ளூடூத்ல வாங்கிண்டு, யாருதுன்னான். நிஜத்தைச் சொன்னா என் வேலை போயிடும். அன்னிக்குத்தான் வெங்கட்ராமன் சார் லஞ்சுல கிளினிக் கதை சொல்லிண்டிருந்தார். வாய்ல அவர் பேர் வந்துடுத்து."

"எது வந்துடுத்து?"

கதவு திறந்திருந்தது. ஜாயிண்ட் செகரட்டரி கிருஷ்ணபிரசாத் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கத்துத் தலைமுடி படிந்திருந்தது. கன்னத்தில் ஃபைல் கட்டும் நாடாவின் தடம் முடிச்சோடு பதிந்திருந்தது.

உள்ளே டி.வி. மட்டும் பேசியது.

"சேஷன், குழந்தை மாதிரின்னு சொன்னியே."

"உங்க மூஞ்சியைப் பார்த்து வேற என்ன சார் சொல்றது?"

கிருஷ்ணபிரசாத் எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். டையை இழுத்து விட்டுக்கொண்டார். நொடியில் அவர் பழைய ஜாயிண்ட் செகரட்டரி ஆகிவிட்டதைப் பார்த்துத் தர்மனுக்கு மரியாதையே வந்தது.

"வெங்கட்ராமன், நிதானமா யோசிப்போம். இந்தக் குறட்டை ஏற்கெனவே உங்க பேர்ல நன்னாப் போயிண்டிருக்கு. இனிமே அதை மாத்தினா நிர்வாகத்துல வீண் குழப்பம். நீங்களே வச்சுக்கோங்கோ. ஜெனீவா லிஸ்ட்ல உங்க பேரை இப்பவே, இந்த நிமிஷம் போட்டுடறேன்."

வெங்கட்ராமனின் இரண்டு கைகளும் தாமாகவே கும்பிடக் கிளம்பின. மேலதிகாரி சொன்னதும் அப்படிக் கிளம்பியே பழகிய கைகள்.

"ஜெனீவால எங்கே தங்கறது?" என்று கேட்டாள் விஜயலக்ஷ்மி மாமி.

"நல்ல ஹோட்டல் மாமி. என்ன, சிக்கன உத்தரவு போட்டிருக்கா. ரெண்டு ஆபீசருக்கு ஒரு ரூம். நானும் இவரும் சேர்ந்து தங்கிக்கறோம்."

வெங்கட்ராமனின் கைகள் பாதி வழியில் நின்றன.

"பத்து நாள்," என்றாள் மாமி, யாரையும் பார்க்காமல். "அந்த விசிலோட."

வெங்கட்ராமன் மேலதிகாரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்து அவற்றை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"சார்," என்றார். "ஜெனீவா வேண்டாம். உங்க குறட்டையை மட்டும் நீங்க திரும்ப எடுத்துக்கோங்கோ."

தொலைந்த நகையை வாங்கிக்கொண்டவர்களைத் தர்மன் பார்த்திருக்கிறான், ஓடிப்போன மாப்பிள்ளையைத் திரும்ப ஏற்றுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறான். ஒரு மனிதர் குறட்டையை உரியவரிடம் ஒப்படைத்ததை இதுவரை பார்த்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவனுக்கே ஆச்சரியமாக, ஒன்றும் வரவில்லை.

டி.வி.யில் தயவுசெய்து உட்காருங்கள் என்றார்கள். கிருஷ்ணபிரசாத் உட்கார்ந்தார்.

"நிஜமாவே என்னுதா?" என்று வத்சலாவைக் கேட்டார்.

வத்சலா தலையசைக்க, தர்மன் போனை நீட்டினான். அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்டார்.

"விசில் வேற அடிக்கறேனா?"

"கடைசியிலதான் சார். சுருதி சுத்தமா இருக்கு."

அவர் போனைத் தர்மனிடம் திருப்பிக் கொடுத்தார். "சேஷன், கேன்டீன்ல ஆரம்பிச்சது நீ. யாருதுன்னு நீயே போய்ச் சொல்லிடு. வெங்கட்ராமனை யாரும் இனிமே அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது." பிறகு மேஜை போனை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினார். "வசுமதி? நான்தான். ஒண்ணுமில்லை, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை. ஒரு விஷயம் சொல்லணும். நீ சொன்னதுதான் சரி. நான் குறட்டை விடறேன்."

மறுமுனையிலிருந்து ஒரு பெண் குரல், அறை முழுவதும் கேட்கும்படி, நிதானமாக வந்தது.

"ஒரு நிமிஷம் இருங்கோ. ரெகார்ட் பண்ணிக்கறேன்." ஏதோ பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது. "ம். இப்போ முதல்லேருந்து சொல்லுங்கோ."

கிருஷ்ணபிரசாத் எதிரில் நின்றிருந்த ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.